தோட்டத்து ஊரில் பிள்ளை வளர்ப்பு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. வீட்டில் மாமியார், நாலு வீடு தள்ளிப் பெரியம்மா, கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி), கைப்பேசியில் முகம் தெரியாத ஆயிரம் பேர். ஆளுக்கொன்று சொல்லும்போது இளம் தாய் குழம்பித்தான் போவாள். கோயிலிலும் தமிழ்ப்பள்ளி வாசலிலும் பாசார் மாலாமிலும் (இரவுச் சந்தை) என்னை நிறுத்திக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. தோட்டத்தில் பிறந்து, இதே ஊரில் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். சந்தேகம் வந்தால் கிளினிக்குக்குப் போங்கள், அதற்குப் பதிலாக இதைப் படிக்காதீர்கள்.

அக்கா, மாமியார் ஒன்று சொல்கிறார், மிஸ்ஸி வேறொன்று சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

நான் பார்ப்பது ஒன்றுதான். பிள்ளையின் உடம்புக்கு மேலே செய்வதைப் பாட்டி செய்யட்டும். உடம்புக்குள்ளே போவது எதுவானாலும் முதலில் மிஸ்ஸியிடம் கேட்டுவிடுங்கள்.

காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டுகிற கைப்பக்குவம் நமக்கு லேசில் வராது. அதைப் பாட்டியிடமே விடுங்கள். மென்மையாக எண்ணெய் தேய்த்துவிடுவதும் நல்லதுதான். ஆனால் குளித்து முடித்ததும் மூக்கில் ஊதுவது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, தொண்டைக்குள் விரலை விட்டுச் சளி எடுப்பது, இந்த மூன்றும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும்.

சேனை என்று நாக்கில் தேனோ சீனித் தண்ணீரோ வைப்பார்கள். ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து, உடம்பைத் துவளச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். வசம்பை உரசி வாயில் தடவுவதும் வேண்டாம். மை வைத்தே ஆக வேண்டும் என்றால் உள்ளங்காலில் வையுங்கள். சில மைகளில் ஈயம் இருக்கிறது, அதனால் கண்ணுக்குள் தீட்டாதீர்கள். சாம்பிராணிப் புகையும் உடம்புக்குள்ளே போவதுதான். தலையைத் துணியால் நன்றாகத் துவட்டினாலே முடி காய்ந்துவிடும்.

இதை எப்படி மாமியாரிடம் சொல்வது என்பதுதான் உண்மையான கஷ்டம். பிரசவம் ஆன முதல் நாட்களில் மிஸ்ஸி வீட்டுக்கே வருவார். அப்போது, "அத்தை, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், கேட்க வேண்டியதை நீங்களே கேளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். மருமகள் வாயால் கேட்டால் சண்டையாகும் விஷயம், மிஸ்ஸி வாயால் கேட்டால் அப்படி ஆவதில்லை. பல வீடுகளில் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பிள்ளைக்கு மஞ்சள் கண்டிருக்கிறது. காலை வெயிலில் காட்டினால் போதுமா?

போதாது. வெயிலில் பிள்ளைக்கு நீர்ச்சத்து குறையும், தோல் புண்ணாகும். மலேசிய சுகாதார அமைச்சின் வழிகாட்டியிலும் வெயிலை மஞ்சளுக்கு மருத்துவமாகச் சொல்லவில்லை. குளுக்கோஸ் தண்ணீர் கொடுப்பதாலும் மஞ்சள் இறங்காது. தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள், மிஸ்ஸி இரத்தம் எடுக்கச் சொன்னால் அன்றைக்கே எடுங்கள். மஞ்சள் முகத்தில் தொடங்கி நெஞ்சு, வயிறு, கால் என்று கீழே இறங்கும். நம் பிள்ளைகளின் நிறத்தில் சட்டென்று தெரியாது. பகல் வெளிச்சத்தில் நெஞ்சுத் தோலை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், பிள்ளை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அளவு மீறினால் மூளையைத் தாக்கும் நோய் இது.

நம் நாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி பார்ப்பார்கள். சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி அது. அந்தக் குறை இருப்பதாகச் சொன்னால் முதலில் அலமாரியைத் திறந்து பாருங்கள். பிள்ளைக்கென்று பாட்டி எடுத்து வைத்த பழைய நூல் சேலைகளுக்கு நடுவே பாச்சை உருண்டை கிடக்கும். அதன் வாடை ஏறிய துணியே போதும், அந்தப் பிள்ளையின் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் ஏறிவிடும். உருண்டையை வீட்டை விட்டே அகற்றுங்கள். துணிகளைத் துவைத்து வெயிலில் காயப்போட்டு, வாடை சுத்தமாகப் போன பிறகு பயன்படுத்துங்கள். நாட்டு மருந்தோ கடை மருந்தோ எது வாங்கினாலும் பிள்ளைக்கு ஜி6பிடி குறை இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

ஸ்பிரிங் தொட்டிலில் போட்டால்தான் தூங்குகிறான். ஆபத்தா?

அழுகிற பிள்ளையை அமர்த்தத் தொட்டிலைப் பயன்படுத்துங்கள். இரவு முழுக்கத் தூங்குவதற்கு அது சரியான இடமில்லை. கைலிக்குள் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் போய் முட்டினால் சின்னப் பிள்ளைக்கு மூச்சு அடைபடும். கண் அயர்ந்ததும் எடுத்து, சமமான உறுதியான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலை உருண்டையாக வர வேண்டும் என்று தாவ்கே (முளைப்பயறு) தோல் தலையணை வைப்பார்கள். முதல் வருடம் தலையணையே வேண்டாம்.

தொட்டில் கட்டுமுன் மேலே பாருங்கள். பழைய லயத்து வீடுகளில் (தோட்டத்து வரிசை வீடுகள்) உத்திரத்தைக் கறையான் உள்ளுக்குள்ளே அரித்திருக்கும். கொக்கியைப் பிடித்து ஒரு பெரிய ஆள் தன் பாரத்தைப் போட்டுத் தொங்கிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் அறுந்தாலும் பிள்ளை விழாமல் தாங்க, கொக்கியிலிருந்து தொட்டில் வரைக்கும் தனியாக ஒரு கயிறு கட்டுங்கள். துவைத்துத் துவைத்து நைந்த கைலியை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தால் இழை விட்ட இடம் தெரியும். அப்புறம், தொட்டிலைத் தாழ்வாகக் கட்டி, அடியில் மெத்தை விரியுங்கள். அக்கா அண்ணன்மார் ஆட்டும் வேகத்தைக் கவனியுங்கள். பிள்ளை தானாக எழுந்து உட்காரப் பார்க்கிற நாளில் தொட்டிலை அவிழ்த்துவிட வேண்டியதுதான்.

வேலைக்குத் திரும்ப வேண்டும். தாய்ப்பாலை நிறுத்திவிடுவதா?

நிறுத்த வேண்டாம். 2023 சனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 98 நாள். அதற்குள் பால் எடுத்துச் சேர்த்து வைக்கப் பழகிக்கொள்ளலாம். பீய்ச்சிய பால் நம் வெக்கையில் 4 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியின் உள்பக்கத்தில் வைத்தால் 4 நாள் வரை தாங்கும், கதவில் வைக்காதீர்கள். போத்தலில் தேதியும் நேரமும் எழுதுங்கள், பழையதை முதலில் எடுங்கள். வேலையிடத்தில் குளிர்ப்பெட்டி இல்லையென்றால் ஐஸ் கட்டி போட்ட பை போதும். மாவுப் பால்தான் கொடுக்கிறீர்கள் என்றால், தண்ணீரைக் கொதிக்க வைத்து, நல்ல சூடு இருக்கும்போதே மாவைக் கலக்கி, பிறகு ஆற வைத்துக் கொடுங்கள். டின் தீர்ந்துவிடும் என்று தண்ணீரைக் கூட்டிக் கரைக்காதீர்கள். இனிப்பு டின் பால் தேத்தண்ணிக்குத்தான் ஆகும், பிள்ளைக்கு ஆகாது.

தகப்பன்மாருக்கும் அதே தேதியிலிருந்து 7 நாள் விடுப்பு உண்டு. சட்டப்படி மணம் முடித்திருக்க வேண்டும், அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாளைக்கு முன்பே, இல்லையென்றால் பிள்ளை பிறந்ததும் முடிந்த அளவு சீக்கிரமாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதால் இழந்தவர்கள் உண்டு, மறக்காதீர்கள் தம்பிமாரே.

பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு) விடியற்காலையே போக வேண்டும். பிள்ளையை யாரிடம் விடுவது?

எங்கள் அம்மா காலத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரம் சீவப் போகும் தாய்மார்கள் இருட்டோடு பிள்ளையைக் கொண்டுபோய் ஆயாவிடம் விடுவார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கு மாறி, சனங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) குடிபெயர்ந்த பிறகு பல இடங்களில் அது இல்லாமல் போனது. நீங்கள் இன்னும் தோட்டத்தில் வேலை செய்பவர் என்றால், பிள்ளைக் காப்பகம் உண்டா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

இப்போது பெரும்பாலும் பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் விடுகிறோம். 1984 தாஸ்கா (பிள்ளைக் காப்பகம்) சட்டப்படி, ஒரு குடும்பத்துக்கு மேற்பட்ட வீடுகளிலிருந்து நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாலு பேரோ அதற்கு மேலோ கூலிக்குப் பார்க்கப்பட்டால் அந்த இடம் சமூகநல இலாகாவில் பதிவாகியிருக்க வேண்டும். அதற்குக் குறைவாகப் பார்க்கிற வீட்டில் உங்கள் கண்தான் அதிகாரி. சொல்லாமல் நடுப்பகலில் ஒரு நாள் போய்ப் பாருங்கள். பிள்ளை எங்கே தூங்குகிறது, குளியலறையில் தண்ணீர் நிரம்பிய வாளி திறந்து கிடக்கிறதா, வீட்டுக்குள் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா, பின்வாசல் வடிகாலுக்குத் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வாளித் தண்ணீரை ரொம்பவும் அழுத்திச் சொல்கிறேன். தவழும் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் தானாக நிமிர முடியாது.

என் வீட்டுக்காரர் தோட்டத்தில் மருந்தடிக்கிறார். பிள்ளையைப் பாதிக்குமா?

பாதிக்கலாம். பிள்ளை வளர்ப்புப் புத்தகங்கள் தொடாத கேள்வி இது, நம் ஊருக்கோ முக்கியமான கேள்வி. பாராகுவாட் என்ற களைக்கொல்லி நம் நாட்டில் 2020 சனவரி 1 முதல் தடை. அதனால் பயமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. வேறு களைக்கொல்லிகளும் பூச்சிக்கொல்லிகளும் இன்னும் புழக்கத்தில்தான் இருக்கின்றன.

வேலை முடிந்து வரும் அப்பாவைப் பார்த்ததும் பிள்ளை கையை நீட்டித் தாவும். அந்த நேரம்தான் கவனம் வேண்டும். பூட்ஸ் வாசலுக்கு வெளியேயே நிற்கட்டும். பின்பக்கக் குழாயில் சட்டை சிலுவாரை (கால்சட்டை) கழற்றித் தனி வாளியில் போட்டுவிட்டு, தலையோடு சோப்புப் போட்டுக் குளித்து, வேறு துணி உடுத்திய பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்தத் துணியைப் பிள்ளைத் துணியோடு சேர்த்து இயந்திரத்தில் போடாதீர்கள். துவைக்கிறவர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மருந்தடிப்பவர் தாயாக இருந்தாலும் இதே முறைதான். கர்ப்பம் என்று தெரிந்த நாளிலேயே, பால் கொடுக்கும் மாதங்களிலும், மண்டோரிடம் (மேற்பார்வையாளர்) சொல்லி வேறு வேலை கேளுங்கள்.

மிச்ச மருந்தைக் குளிர்பான போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவதை யார் செய்தாலும் தடுங்கள். காலி மருந்து டின்னில் தண்ணீர் பிடித்து வைப்பதும் கூடாது. எவ்வளவு கழுவினாலும் போகாது. பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாலும் முட்டையும் கொடுக்காதீர்கள். 999ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த மருந்தின் சீட்டையோ போத்தலையோ கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

காய்ச்சலுக்கு வீட்டிலேயே மருந்து கொடுக்கலாமா?

மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 டிகிரி வந்தால் வீட்டு வைத்தியமே கிடையாது. இரவானாலும் சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்பினால் அலுத்துக்கொள்ளாமல் போங்கள்.

பெரிய பிள்ளைக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆனால் போத்தலைப் படியுங்கள். கடைகளில் இரண்டு பலத்தில் விற்கிறது, 5 மில்லியில் 120 மில்லிகிராம் ஒன்று, 250 மில்லிகிராம் இன்னொன்று. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். பிள்ளையின் எடை ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 8 கிலோ பிள்ளைக்கு 120 மில்லிகிராம் வரும். 120 போத்தலில் அது சரியாக 5 மில்லி. 250 போத்தலில் இரண்டரை மில்லிக்கும் சற்றுக் குறைவு. "வழக்கமாக ஒரு கரண்டிதானே" என்று மாறிய போத்தலில் 5 மில்லி ஊற்றினால் இருமடங்குக்கும் மேல் போய்விடும். சமையல் கரண்டியை விட்டுவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சு வாங்குங்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். பாட்டி ஒரு தடவை, அம்மா ஒரு தடவை கொடுத்துவிடாமல் இருக்கச் சுவர்க் காலண்டரில் நேரத்தை எழுதுங்கள்.

டிங்கியை (டெங்குக் காய்ச்சல்) நினைவில் வைத்துக்கொண்டு, ஆஸ்பிரினும் ஐபுப்ரொஃபெனும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். இரத்தக் கசிவைக் கூட்டும். டிங்கியில் பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். உடம்பு குளிர்ந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று நினைப்போம். அப்போது பிள்ளை துவண்டு கிடந்தால், விடாமல் வாந்தி எடுத்தால், வயிறு வலித்தால், ஈறில் இரத்தம் வந்தால், மூத்திரம் குறைந்தால் நிற்காமல் ஓடுங்கள். வீட்டைச் சுற்றிப் பூந்தொட்டி மட்டும் பார்த்தால் போதாது. வெட்டாமல் விட்ட பால்மரங்களில் தொங்கும் பால் கோப்பைகளில் மழைத் தண்ணீர் நின்று கொசு பெருகும். அவற்றைக் கவிழ்த்து வையுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு டின் பானம் கொடுக்கலாமா?

கூடாது. சீனி அதிகம், போக்கைக் கூட்டும். கிளினிக்கில் கொடுக்கும் உப்புக் கரைசல் மாவைப் பாக்கெட்டில் போட்ட அளவுத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழி விழுந்தாலும், அழும்போது கண்ணீர் வராவிட்டாலும், மலத்தில் இரத்தம் இருந்தாலும் ஆஸ்பத்திரி.

முதல் சாப்பாடு எப்போது, என்ன?

ஆறு மாதம் முடிந்த பிறகு. அரிசிக் கஞ்சியில் மசித்த பரங்கிக்காய், பருப்பு, முருங்கைக்கீரை சேருங்கள். வெறும் கஞ்சியில் இரும்புச்சத்து போதாது. அதனால் கோழி ஈரல், நன்றாக வெந்த முட்டை, முள் நீக்கிய கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் ஆகியவற்றை ஆரம்பத்திலிருந்தே கொடுங்கள். நெத்திலித் தூள் போடுகிறவர்கள் தலையும் குடலும் நீக்கி, ஊறவைத்து உப்பை இறக்கிய பிறகு வறுத்துப் பொடியுங்கள். ஒரு வயது வரை உப்பும் சீனியும் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. நாக்குக்கு ருசி இல்லையே என்று பெரியவர்கள் கவலைப்படுவார்கள். பிள்ளைக்கு அந்த நாக்கு இன்னும் பழகவில்லை.

ரம்புத்தான் காலத்தில் எச்சரிக்கை. கொட்டையோடு முழுப் பழத்தைச் சின்னப் பிள்ளை வாயில் கொடுக்காதீர்கள், வழுக்கித் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கச்சான் (நிலக்கடலை), திராட்சையும் அப்படியே.

தடுப்பூசி ஒன்றைத் தவறவிட்டேன். மறுபடி முதலிலிருந்தா?

இல்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உடனே பிள்ளையின் கிளினிக் புத்தகத்தோடு போங்கள். வரிசை இதுதான். பிறந்ததும் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி), ஹெபடைட்டிஸ் பி. பிறகு 2, 3, 5 மாதத்தில் ஆறு நோய்களுக்கான ஒரே ஊசி, 18ஆம் மாதத்தில் அதன் கூடுதல் ஊசி. 4, 6, 15 மாதத்தில் நியுமோகாக்கல். 9, 12 மாதத்தில் தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா. அரசு கிளினிக்கில் குடிமக்களின் பிள்ளைகளுக்கு இலவசம். ஊசி போட்ட அன்று காய்ச்சல் வருவது இயல்பு. அதைக் காரணம் காட்டி அடுத்ததை நிறுத்தும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. அம்மை வந்த பிள்ளையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நிறுத்த மாட்டார்கள்.

மோட்டார் சைக்கிளில் பிள்ளையை முன்னால் உட்கார வைக்கலாமா?

வேண்டாம். பக்கத்துக் கடைக்குத்தானே என்று கிளம்பும்போதுதான் விபத்து நடக்கிறது. காரில் குழந்தை இருக்கை 2020 முதல் சட்டம்.

இரண்டு வயதாகியும் பேசவில்லை. வீட்டில் தமிழ், வெளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம். மொழிகள் குழப்புகின்றனவா?

பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மூன்று மொழி கேட்டே வளர்கிறார்கள். தமிழை நிறுத்திவிட்டு உடைந்த ஆங்கிலத்தில் பேசச் சொல்லும் ஆலோசனையை ஏற்காதீர்கள். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில், பிள்ளையின் முகத்தைப் பார்த்து நிறையப் பேசுங்கள்.

கைப்பேசி வேறு விஷயம். அது பேசும், ஆனால் பிள்ளை சொல்வதற்குப் பதில் சொல்லாது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, 2 வயதுக்குள் திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சோறு ஊட்டும்போது கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு, "காக்கா எங்கே, பூனை எங்கே" என்று பழைய மாதிரி ஊட்டுங்கள்.

இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால், எதையும் விரலால் சுட்டிக் காட்டாவிட்டால், "அவன் அப்பனும் லேட்டாகத்தான் பேசினான்" என்று காத்திருக்காதீர்கள். 18ஆம் மாதம் கிளினிக்கில் இதற்கென்றே கேள்விகள் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் "ஆமாம், செய்கிறான்" என்று சொல்லிவிட்டு வராமல் உள்ளதைச் சொல்லுங்கள். காது கேட்கிறதா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பிள்ளை பிறந்ததிலிருந்து எனக்கு அழுகையாக வருகிறது. பைத்தியம் என்று சொல்வார்களோ?

முதல் வாரங்களில் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பிள்ளை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், செத்துவிடலாம் என்றோ பிள்ளையை ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ நினைப்பு வந்தால், அது மருத்துவம் உள்ள நோய். மிஸ்ஸியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. காற்று கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போனால் போகட்டும், ஆனால் கிளினிக்குக்குப் போவதை அது தள்ளிப்போடக் கூடாது. வீட்டுக்காரர்களே, இரவு ஒரு வேளை பால் கொடுப்பதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறப்புப் பத்திரத்தை முப்பதாம் நாள் சடங்கு முடிந்து மெதுவாக எடுக்கலாமா?

சடங்கு முடிந்து எடுக்கலாம், மெதுவாக வேண்டாம். தீபகற்பத்தில் 60 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் பதிய வேண்டும். தாண்டினால் தாமதப் பதிவு, ஆவணங்களும் அலைச்சலும் கூடும். பெயரின் ரோமன் எழுத்தை வீட்டிலேயே எழுதிப் பார்த்து, இலாகா முகப்பிடத்தில் (கவுண்டர்) அச்சானதும் அங்கேயே நின்று ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள்.

இன்னொன்று. கோயிலில் தாலி கட்டியது மட்டும் சட்டத்துக்குப் போதாது. 1982 மார்ச் 1க்குப் பிறகு நடந்த நம்மவர் திருமணம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாத நிலையில் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பின்பற்றும். தாய் வெளிநாட்டவர் என்றால், தகப்பன் மலேசியராக இருந்தும் பிள்ளை நாடற்றதாக நிற்க நேரிடும். பள்ளியில் சேர்க்கப் போகும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. கர்ப்பமாக இருக்கும்போதே, இரண்டு பேரும் ஒரு நாள் லீவு போட்டு, திருமணத்தைப் பதிந்துவிடுங்கள்.